ஆயிரம் பீடிக்கு ஒரு கழுத்து

முக்கூடலில் பதினைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறேன். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, நேரத்துக்கு அல்ல. கடையில் எத்தனை கட்டைக் கழிப்பார்களோ என்ற பயத்திலேயே தோள் இறுகும், மூச்சு மேலோடு நிற்கும். கழுத்துவலியும் தூக்கமின்மையும் பின்னாலேயே வரும்.

இப்போது நூறு சுற்றியதும் சொளவை இறக்கிவைத்து எழுகிறேன். தோளைச் சுழற்றி, மூச்சை நீளமாக விடுகிறேன். வலி குறைகிறது; அன்றைய எண்ணிக்கையும் குறைகிறது.

1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், தொழிற்கூடத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. வீட்டுத் திண்ணையில் அந்த மணி அடிக்கவில்லை. இங்கே ஓய்வு எங்கள் கூலியிலிருந்துதான் போகிறது.

உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர்களே, நல்லது, சொல்லித்தாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் கூலியில் சேர்க்க எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.