30 ஆம்பியர் ஃபியூஸும் 50 ஆம்பியர் யோசனையும்

போன மாசம் அரிசோனாவுல நண்பனோட கேம்ப்பிங் ட்ரெய்லர். ட்ரக்குல இருந்து கழட்டினா அதோட முன்பக்கத்தைத் தாங்குறது மோட்டார் ஜாக்தான். சுவிட்சைத் தொட்டா போதும், 30 ஆம்பியர் ஃபியூஸ் காலி. மாத்தினோம், மறுபடியும் காலி.

"50 போட்ரலாம்டா"ன்னான். வேணவே வேணாம்னேன். மக்களே, ஃபியூஸ் காப்பாத்துறது முக்கியமா வயரை. பெருசா போட்டா அடுத்து எரியுறது வயர்தான். உள்ளே அவனோட ரெண்டு குழந்தைங்க தூங்கணும்.

மோட்டாருக்குப் போற வயரைக் கழட்டிட்டு சுவிட்சைப் போட்டோம். அப்பவும் ஃபியூஸ் போச்சு! ஆக, மோட்டார் நிரபராதி. பேட்டரியைக் கழட்டிட்டு வயரைத் தடவிக்கிட்டே போனா, இரும்புச் சட்டத்தோட விளிம்புல உரசி உரசி தோல் உரிஞ்சு செம்பு தெரியுது.

அன்னிக்குக் கைப்பிடியைச் சுத்தியே ஜாக்கை இறக்கினோம். மறுநாள் புது வயர், மேல உறை, அதே 30 ஆம்பியர். அப்புறம் போகவே இல்ல.