விலையும் பெறுமதியும்

கைத்தொலைபேசி ஒன்றிற்கு ஒரு வீட்டின் விலையைக் கொடுப்போர் உலகில் உளர். அவர்கள் கொடுக்கும் பணத்திற்கு ஈடான பொருள் அவர்கள் கையிற் சேர்கின்றதா என்பதே இங்கு நம் வினா. பணமும் அவர்களுடையது, விருப்பமும் அவர்களுடையது, நமக்கென்ன என்று ஒதுங்கிவிடலாம். ஆயின் ஒரு சமுதாயம் பெறுமதியை எவ்வாறு அளக்கின்றது என்பது எல்லோருக்கும் உரிய வினா அன்றோ?

நொக்கியா கொம்பனி 1998ஆம் ஆண்டிலே செல்வர்க்கென 'வேர்ட்டு' என்றொரு கிளையைத் தொடங்கியது. அதன் முதற் கைத்தொலைபேசி 2002இல் வெளிவந்தது. இங்கிலாந்தில், ஹம்ப்ஷயரின் சேர்ச் குரூக்கம் என்ற ஊரிலே கைவினைஞர்கள் அதனைக் கையாற் பொருத்தினர். விசைகளின் கீழே மாணிக்கக் கற்கள். முகப்பிலே எளிதிற் கீறல் விழாத நீலக்கற் பளிங்கு. பக்கத்திலே ஒரு பொத்தான். அதனை அழுத்தினால் மறுமுனையில் ஒரு பணியாளர் பேசுவார். உணவகத்தில் மேசை ஒதுக்குவார், நாடகத்திற்கு நுழைவுச்சீட்டு எடுத்துக்கொடுப்பார். 2006இல் பிரெஞ்சு நகை நிறுவனமாகிய பூஷ்ரோனுடன் சேர்ந்து, மாணிக்கப் பாம்பு சுற்றிய கைத்தொலைபேசி ஒன்றையும் செய்தனர். எண்ணி எட்டே எட்டு. ஒவ்வொன்றின் விலையும் 310,000 அமெரிக்க டொலர்.

அந்த வேலைப்பாட்டை நாம் இகழவில்லை. தொழிலாளியின் கைத்திறன் எங்கிருந்தாலும் வணங்கத்தக்கது. நல்ல மணிக்கூட்டிற்குப் பெருவிலை கொடுப்பவரையும் முற்றாகக் குறைகூற முடியாது. துப்புரவாக்கி எண்ணெய் இட்டுவந்தால் அது பேரன் கையிலும் ஓடும். கைத்தொலைபேசியோ அத்தகையதன்று. நீலக்கல் என்றதும் நாம் இரத்தினபுரிக் குழிகளை நினைக்கின்றோம். இங்கே பேசப்படுவது உலையிலே வளர்த்தெடுத்த பளிங்கு. அது நூறாண்டு இருக்கும்; உள்ளே உள்ள இலத்திரன் உறுப்புகள் சில ஆண்டுகளிற் பழமையாகிவிடும். 2013இல் வந்த வேர்ட்டு ரி.ஐ. என்பதன் விலை 7,900 யூரோ. அதே ஆண்டில் அதன் பத்திலொரு பங்கிற்கும் குறைந்த விலைக்கு விற்றவற்றின் திரை அதனினும் தெளிவானது.

அப்படியாயின் செல்வர் எதனை வாங்குகின்றனர்? வெப்லன் என்னும் பொருளியல் அறிஞர் 1899இலேயே இதற்கு விடை கூறினார். பிறர் காணச் செலவிடுவதே இத்தகைய செலவின் பயன் என்றார் அவர். பிறரால் வாங்க முடியாமை என்பதே இங்கு விற்பனைப் பொருள். மாணிக்கம் அதன் உறைதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே நொக்கியா கொம்பனி 2003இல் '1100' என்ற எளிய கைத்தொலைபேசியை வெளியிட்டது. தூசி புகாத விசைகள்; வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள்; உச்சியில் ஒரு சிறு ரோச் விளக்கு. 25 கோடிக்கு மேல் விற்றது. நாம் முதன்முதற் பாவித்ததும் அதுவே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே, மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது, இலாச்சியிற் கிடந்த அதன் ரோச் விளக்குத்தான் எமது அடுக்களைக்கு வெளிச்சம் தந்தது.

அந்நாட்களில் எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் வீதியோரத்தில் இரவைக் கழித்தனர். எமது ஒழுங்கையில் எவரிடமும் விலையுயர்ந்த கைத்தொலைபேசி இல்லை. ஆயினும், "லொறி வந்திட்டுது, கெதியா வாங்கோ" என்று வரிசையில் நின்ற ஒருவர் ஓர் அயலவருக்குச் சொன்னால், சிறிது நேரத்தில் அச்சொல் ஒழுங்கை முழுவதும் பரவிவிடும். அதைக் கேட்டு வெற்றுச் சிலிண்டரை உருட்டிச் சென்ற தாயின் கையிலிருந்த கைத்தொலைபேசிக்கு என்ன விலை போடுவது?

கடலிலும் இதே கதைதான். வட கேரளக் கரையிலே 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவிய விதத்தை ஆராய்ந்து ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாளை மீன் பிடிப்போர், எந்தத் துறையில் வாங்குவோர் உளர் என்பதைக் கடலில் நின்றே கேட்டறிந்தனர். வாங்குவாரின்றி மீனை வீசும் நிலை நீங்கியது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது. மக்கள் கொடுத்த விலையோ 4 வீதம் குறைந்தது.

தொலைபேசியின் இயல்பே இதுதான். வைரத்தை ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அதன் மதிப்பு ஏறும்; தொலைபேசியை ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது ஊமை. மாணிக்கம் பதித்ததும் மலிவானதும் ஒரே கோபுரத்தின் ஊடாகவே பேசுகின்றன. சாரதியிடமும் தாதியிடமும் மீன் விற்பவரிடமும் தொலைபேசி இருப்பதனாலேயே செல்வரின் தொலைபேசிக்கும் பயன் உண்டு. எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய பெறுமதியின்மேல் ஒருவர் தம் பெயரைப் பொறித்து விலை கூறுகின்றார்.

2017இல் சேர்ச் குரூக்கம் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் வேலை இழந்தனர். வேர்ட்டு என்ற பெயர் மட்டும் கைமாறிப் பிழைத்தது. அப்பெயரில் இன்றும் கைத்தொலைபேசிகள் விற்கப்படுகின்றன. மாணிக்கத்தைப் பொருத்திய கைகள் வேறு வேலை தேடிச் செல்ல, விலைக்குறி மட்டும் அப்படியே நிலைத்தது. அந்த விலையில் உழைத்தவனின் பங்கு எவ்வளவு என்று கேட்கும் நாளிலேதான், பெறுமதியை அளக்க நாம் கற்றுக்கொண்டவர்களாவோம்.