தோட்டமும் கழிமுகமும் – 6: கொடுவாவுக்கு விளக்கு வேண்டாம்

சென்ற பகுதியில் ஈஜோக் வழியாகப் புக்கிட் ரோத்தான் வரை வந்தோம். அங்கிருந்து கோல சிலாங்கூருக்குப் போகிற வழியெங்கும் செம்பனை, செம்பனைக்கு ஊடே வாய்க்கால். இந்த வட்டாரத்தில் செம்பனைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலேசியாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனை. பெயரில் தென்னையையும் மண்ணில் செம்பனையையும் வைத்திருக்கும் தோட்டம் அது. லயத்துப் பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக இந்த வாய்க்கால்களும், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஈயக்குட்டைகளும் போதும். கெளுத்தியும் விராலும் அங்கேயே கிடைக்கும். ஆனால் குட்டையில் பழகிய கை, கழிமுகத்துக்கு வந்து இரவில் கொடுவாவுக்குத் தூண்டில் போட நினைத்தால், முதலில் எதைக் கற்க வேண்டும்? எந்தத் தூண்டில், எந்த இரை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். விளக்கை அணைக்கக் கற்பதுதான் முதல் பாடம் என்பது என் கட்சி. மற்றவை அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டில் கொடுவா, மலாயில் சியாகாப், ஆஸ்திரேலியாவில் பாரமண்டி: மூன்றும் ஒரே மீன். பாசிர் பெனாம்பாங் உணவகங்களில் ஆவியில் வேகவைத்துத் தட்டில் வரும் சியாகாப் பெரும்பாலும் கூண்டில் வளர்ந்தது. ஆற்றில் திரிகிற கொடுவாவின் குணத்தை அதை வைத்து எடைபோட முடியாது. சிலாங்கூர், பேராக் ஈயக்குட்டைகளில் பெருகிவிட்ட பீகாக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். அது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும், இருட்டினால் ஒதுங்கிவிடும். கொடுவாவின் வழக்கம் வேறு. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த கொஞ்ச ஒளியையும் அந்தக் கண் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்கிறது. விளக்கு பட்டால் மாட்டின் கண் மின்னுகிற மாதிரி செந்நிறமாக மின்னுவதும் அதனால்தான். உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டால் தண்ணீரின் சிறு அதிர்வையும் உணர்கிறது. சிலாங்கூர் ஆறு கலங்கல் ஆறு. பகலிலேயே கைமுழம் ஆழத்துக்கு மேல் பார்ப்பது கடினம். இப்படிப்பட்ட தண்ணீரில், இப்படிப்பட்ட கண்ணோடு மறைந்து நின்று இரையை ஒரே உறிஞ்சில் வாய்க்குள் இழுக்கிற மீனுக்கு இருட்டுதான் சாதகம். கரையிலிருந்து திடீரென்று விழுந்து ஆடுகிற வெளிச்சம் அந்தச் சாதகத்தைக் குலைக்கிறது. மீன் விலகிப்போகிறது.

விளக்கு கெடுப்பது மீனை மட்டுமல்ல, தூண்டில்காரரையும்தான். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரமாவது ஆகும். ஒரு முறை தலைவிளக்கைப் போட்டால் அத்தனையும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருட்டில் உட்காருகிறவருக்குக் காது திறக்கிறது. கொடுவா இரை எடுக்கும்போது தண்ணீரின் மேல்மட்டத்தில் ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எந்தத் தூணின் ஓரம், எந்த வாய்க்கால் வாயில் என்பதை அந்தச் சத்தமே சொல்லும். விரல் நுனியில் தங்கூசி நடுங்குவதும் அப்போதுதான் தெரியும். பால்வெட்டு நாட்களில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படத் தேவையில்லை.

கண்ணுக்குப் பதில் எதை நம்புவது? தண்ணீரை. மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வித்தியாசம் வரும். அட்டமி, நவமியில் ஓட்டம் சோம்பிவிடும். ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே ஓத அட்டவணைதான். தண்ணீர் இறங்கும்போது வாய்க்காலிலிருந்தும் நீப்பா ஓலைகளின் அடியிலிருந்தும் சிறு மீனும் இறாலும் வெளியே இழுத்து வரப்படும். கொடுவா அந்த வாயிலில் காத்திருக்கும். அங்கே உயிர் இறாலைக் கோத்து ஓட்டத்தோடு மிதக்கவிடுவதே பழகுகிறவருக்கு நல்ல தொடக்கம். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல் இருக்கும் என்பதால் முனையில் தடித்த நரம்பு வேண்டும். அதையும் வீட்டிலேயே, விளக்கடியில் கட்டி எடுத்துப் போகலாம். ஆற்றங்கரையில் முடிச்சுப் போட வெளிச்சம் தேவைப்படாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: கொடுவா ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரிதாகச் சிக்குவது பெரும்பாலும் முட்டையிடும் தாய். அதைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் மீனை இழுக்குமே, கணவாய்ப் படகுகள் விளக்கைப் போட்டுத்தானே பிடிக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான். அசையாமல் எரியும் படகுத்துறை விளக்கு பூச்சியையும் பொடிமீனையும் கூட்டும். அவற்றைத் தேடிக் கொடுவாவும் வரும். ஆனால் அது நிற்பது வெளிச்சத்துக்குள் அல்ல, நிழல் தொடங்கும் ஓரத்தில். இது இருட்டின் பயனைத்தான் காட்டுகிறது. அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பாதுகாப்பு. இந்த ஆற்றில் முதலை உண்டு; செம்பனைக் காட்டில் நாகம் உண்டு. அதனால் நடக்கும்போது விளக்கு தரையில் பட வேண்டும். படகில் போனால் மற்றப் படகுகளுக்குத் தெரியும் விளக்கு எரிய வேண்டும். உட்காரும் இடம் தண்ணீரின் விளிம்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. இதில் சமரசம் இல்லை. நான் அணைக்கச் சொல்வது தண்ணீர் மேலும் மரங்கள் மேலும் வீசும் விளக்கை.

மரங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கம்போங் குவாந்தான் கரையின் பெரம்பாங் மரங்களில் இரவெல்லாம் ஒன்றாக மின்னும் மின்மினிகளை உலகமே வந்து பார்க்கிறது. அங்கே சம்பானைத் துடுப்பு போட்டே ஓட்டுகிறார்கள். அந்த மினுக்கல் ஆண் பூச்சி பெண் பூச்சிக்கு அனுப்பும் அழைப்பு. அதன் மேல் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தால் அழைப்பு அழிந்துபோகிறது. குஞ்சுப் புழுக்கள் கரைக்குப் பின்னால் ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்பவை. ஆகவே கரைப்புதரை வெட்டி உட்கார இடம் செய்வதும் அதே அளவு கேடு. மின்மினி நன்றாகத் தெரியும் இரவு அமாவாசை. கொடுவாவுக்கு ஓட்டம் நன்றாக இருக்கும் இரவும் அமாவாசை. இரண்டு கூட்டமும் ஒரே ஆற்றில், ஒரே இருட்டில் சந்திக்கின்றன. நகர விளக்குகளும் உணவகங்களும் சாலைகளும் செய்யும் கேட்டுக்கு முன் ஒரு தூண்டில்காரரின் விளக்கு எம்மாத்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. அளவில் சின்னதுதான், ஆனால் அந்த நகர வெளிச்சம் தொலைவில் இருக்கிறது, தலைவிளக்கோ நேராக மரத்தின் மேலேயே விழுகிறது. ஊராட்சியிடம் தெருவிளக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் தன் விளக்கை அணைத்தவருக்கே அதிகம்.

வரும் அமாவாசைக்குப் போகிறவர்கள் நரம்பை வீட்டிலேயே கட்டி, துணைக்கு ஒருவரைக் கூட்டி, வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்து உட்காருங்கள். அரைமணி நேரம் விளக்கைத் தொடாதீர்கள். அடுத்த பகுதியில் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குப் போவோம்.