வண்டி என்னது... பேரு யாருது?

“பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க ஸ்ப்ளெண்டரு?”

ராயபுரத்துல எங்க வீட்டு வாசல்ல வண்டி வந்து நின்ன முதல் நாள், மூணு பேர் கேட்ட கேள்வி இது. மூணு பேருக்கும் அப்பா ஒரே பதில்தான் சொன்னார். “லிட்டருக்கு அறுவது குடுக்குமாமுங்க!”

அப்பா பனியன் கம்பெனியில பேட்லாக் டெய்லர். பீஸ் ரேட். ஷிப்மென்ட் நெருக்கினா ராத்திரி பன்னெண்டு, ஒண்ணு வரைக்கும் மெஷின் ஓடும். அந்த நேரத்துல பஸ் ஏது? முழங்கால் வலியோட நடந்தே வருவார். நான் அப்போ ஈ.சி.ஈ. செகண்ட் இயருக்குள்ள போயிட்டிருந்தேன். காலேஜ் பஸ்ஸுக்கு வருஷா வருஷம் கட்டுற காசை அம்மா ஒருநாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க. “இந்தக் காசுக்கு ஒரு பழைய வண்டியே வாங்கிப் போடலாம் போலிருக்கே... பகல்ல நீ ஓட்டு, ராத்திரி அப்பனைக் கூட்டியாந்துரு.” 2024 ஜூன்ல அவங்க சீட்டை ஏலம் எடுத்தாங்க. கையில 25,000 ரூபாய்!

இந்த பட்ஜெட்டுக்குக் கிடைச்ச ஸ்கூட்டி எல்லாம் ஐ.சி.யூ. கேஸ். டி.வி.எஸ். எக்ஸ்எல் கிடைச்சது. திருப்பூர்ல பாதி பனியன் பீஸ் அது மேலதான் ஊரைச் சுத்தும்னு உங்களுக்கே தெரியும். “பகல் பூரா கம்பெனியில மூட்டையப் பாக்கறேன்... ராத்திரியும் மூட்டை வண்டியா?”னு அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டார். எனக்கும் காலேஜ் பார்க்கிங்ல மானம் போற பயம் (உள்ளதைச் சொல்லணும்ல!). கடைசியில ஸ்ப்ளெண்டர். 1994-ல வந்த மாடல், 97.2 சி.சி. எந்த ஊர் முக்குல நின்னாலும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கண்ணைக் கட்டி விட்டாலும் கை போகும்.

நாங்க பார்த்தது 2010 ஜனவரி வண்டி. டி.என். 39. டேங்க்ல ‘ஹீரோ ஹோண்டா’னு இருக்கும். அந்த ரெண்டு கம்பெனியும் பிரியறதா அறிவிச்சது அதே வருஷம் டிசம்பர்ல. புரோக்கருக்கு அது போதுமே... “ஜப்பான் ரத்தம் அம்மிணி! இப்ப வர்ற வண்டியெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா?” 24,000 சொன்னவரை 21,500-க்கு இறக்கினது அம்மா. காதர்பேட்டையில பேரம் பேசிப் பழகின வாய்.

எங்க தெரு மெக்கானிக் அண்ணனை 200 ரூபாய் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிருந்தோம். அவர் செஞ்ச முதல் வேலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணல, இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார்! “சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சுட்டான்னு அர்த்தம். குளுந்த இன்ஜின்தான் உண்மை சொல்லும்.” அப்புறம் ஒரே கிக். சைலன்சர்ல நீலமா புகை வந்தா ஆயில் எரியுது, போரிங் செலவு காத்திருக்குன்னு அர்த்தமாம். எங்க வண்டியில வரல. முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டில்பாரை அமுக்கி, ஃபோர்க்ல ஆயில் கசியுதான்னு பார்த்தார். பாக்கெட்ல இருந்து பனியன் வேஸ்ட்டை எடுத்து ஹேண்டில் கழுத்துல இருந்த அழுக்கைத் துடைச்சு, சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒப்பிட்டார். (நாம தைக்கிற துணியில வெட்டி விழுற கழிவுதான் ஊர் ஊரா மெக்கானிக் கடையில கை துடைக்குது!) நம்பர் எல்லாம் கரெக்ட்.

நம்பரைப் பார்த்தோமே தவிர, அதுக்கு மேல இருந்த பேரைப் பார்க்கல.

பார்த்திருந்தாலும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம்னு வைங்க. புரோக்கர் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, தேதி போடாம பத்திரமா வெச்சிருந்தார். “பேரு மாத்துறதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம் அம்மிணி. கையெழுத்துதான் இருக்குதில்ல?”

நாலு மாசம் ஜாலியா போச்சு. ஜாலின்னா செலவோட ஜாலி. செயின் செட், பின் டயர், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள்னு முதல் மாசமே 3,000-க்கு மேல காலி. ஆனா நிறைய கத்துக்கிட்டேன். கார்புரேட்டர் எங்க ஈ.சி.ஈ. சிலபஸ்ல இல்லீங்க, அதனால எல்லாமே தெரு யுனிவர்சிட்டி. செயினை நடுவுல தூக்கினா ரெண்டு, மூணு சென்டிமீட்டர் ஆடணும். அதிகமா ஆடினா பல்லு தேயும், இழுத்துக் கட்டினா பேரிங் போகும். காத்து முன்னாடி 25, பின்னாடி 28. பின்னாடி ஆள் உட்கார்ந்தா 40. இது தெரியாம ரெண்டு மாசம் 28-லயே அப்பாவை உட்கார வெச்சு ஓட்டியிருக்கேன்! வண்டி ராத்திரியில கம்பெனி வாசல்லதான் நிக்கும். ஏர் ஃபில்டரைத் திறந்தா தூசியோட பஞ்சும் கொட்டுது. மைலேஜ் ஏன் 60 வரலைன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது. 2025-ல பங்க்ல எல்லாம் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும், டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் பைப்பை மாத்தினோம். பழைய வண்டியில சில ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாத்த வேண்டியிருக்கலாம்னு அரசாங்கமே சொல்லுச்சு.

இப்ப அந்த ராத்திரிக்கு வர்றேன்.

2024 அக்டோபர். தீபாவளி அவசரம். அப்பாவை ஏத்திக்கிட்டு மங்கலம் ரோட்டுல வர்றேன். மணி பன்னெண்டரை. ஒரு சந்துல இருந்து சைக்கிள்ல ஒரு பெரியவர் திடீர்னு குறுக்கே வந்துட்டார். பிரேக் பிடிச்சேன். வண்டி நின்னது. ஆனா முன் சக்கரம் சைக்கிளை லேசா இடிச்சு, அவர் விழுந்துட்டார். டீக்கடை ஆளுங்க ஓடி வந்தாங்க. நல்லவேளை, முழங்கையில சிராய்ப்பு மட்டும்தான். “பொம்பளப் புள்ளையப் போயி என்னத்தச் சொல்ல”ன்னு அவரே எழுந்து கிளம்பிட்டார். கூட்டத்துல ஒருத்தர் மட்டும் கேட்டார்: “ஏம்மா... ஆர்.சி. யாரு பேருல இருக்கு?”

எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல. வீட்டுக்கு வந்துதான் எடுத்துப் படிச்சேன்.

அன்னிக்குத் தூக்கம் வரல. போன்ல தேடினப்ப 2018 பிப்ரவரியில வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கிடைச்சது. நவீன்குமார் - விஜய்குமார் வழக்கு. 2007-ல ஒருத்தர் காரை வித்துட்டார். அது கை மாறி, கை மாறி நாலாவது ஆள்கிட்ட போயிருக்கு. யாரும் பேர் மாத்தல. 2009-ல விபத்து. ரிஜிஸ்டர்ல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. படிச்சதும் வயித்தைப் புரட்டுச்சு. அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? தப்பு நான் பண்ணியிருப்பேன்... என்னைப் பார்த்தே இருக்காத யாரோ ஒருத்தர் கோர்ட்டுக்கு அலைஞ்சிருப்பார்.

புரோக்கர் போன் ஸ்விட்ச்டு ஆஃப். பழைய இன்சூரன்ஸ் ஜெராக்ஸ்ல ஒரு நம்பர் இருந்தது. பயந்துக்கிட்டே அடிச்சேன். “சார், உங்க ஸ்ப்ளெண்டர் வண்டி...”ன்னதுதான் தாமதம், வெடிச்சார்.

“ஓஹோ... அந்த ஆளு நீதானா? 2019-லயே வித்துப்போட்டு வந்துட்டனே! என்ற போனுக்கு அஞ்சு ஃபைன் வந்துருக்குது அம்மிணி, அஞ்சு! ஹெல்மெட் போடாம எவன் சுத்தறான்னு ரெண்டு வருஷமாத் தேடறேன்!”

பரிவாஹன்ல பார்த்தா நிஜம்தான். 2022 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டுல ஹெல்மெட் இல்லைன்னா 1,000 ரூபாய். அஞ்சுல மூணு நாங்க வாங்குறதுக்கு முந்தின தேதி. ரெண்டு எங்க காலத்துது. நான் ஹெல்மெட் போடாம வண்டியைத் தொடவே மாட்டேன். மெதுவா அப்பா பக்கம் திரும்பினேன். அவர் சீரியஸா நியூஸ் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். தலைகீழா!

அந்த ரெண்டை நாங்க கட்டுறதுல சந்தேகமே இல்லை. மீதி 3,000? “நாம ஓட்டாததுக்கு நாம எதுக்குக் கட்டோணும்?”னு அம்மா. நியாயம்தான். ஆனா கட்டாம பேர் மாறாது. பேர் மாறலைன்னா ஜனவரியில 15 வருஷ ஆர்.சி.யைப் புதுப்பிக்கவும் முடியாது. மறுபடி போன் பண்ணி, இருக்கறதை அப்படியே சொன்னேன். சைக்கிள் பெரியவர் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“வித்தவன் 14 நாளைக்குள்ள ஆபீசுக்கு எழுதிக் குடுத்துருக்கோணுமாம். நானும் கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுக் காசு எண்ணீட்டு வந்துட்டேன். பாதிப் பாதி போட்டுக்கலாம் அம்மிணி.”

ஒரு திங்கட்கிழமை காங்கேயத்துல இருந்து பஸ் ஏறி வந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அவர் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. புதுசா கையெழுத்துப் போட்டார், சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சுப் பென்சில்ல தேய்ச்சு எடுத்தோம். வேலை முடிஞ்சதும் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். சோக் போடாம ஒரு கிக். ஸ்டார்ட் ஆச்சு. “அட, என்றகிட்ட இருந்தப்ப மூணு ஒதை வாங்காமக் கெளம்பாதே!”னு சிரிச்சுட்டு, டீ கூடக் குடிக்காம பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டார்.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்துச்சு. பேர் மாறின கையோட இன்சூரன்ஸையும் மாத்திட்டோம். ஜனவரியில வண்டியைக் காட்டி இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. அதுக்கான ஃபீஸ் 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 300, இப்ப 1,000.

ஆர்.சி. கார்டு தபால்ல வந்தது. அதுல என் பேரும் இல்லை, அப்பா பேரும் இல்லை. சீட்டுக் காசு யாருதோ அவங்க பேருதான். வண்டி ஓட்டவே தெரியாத எங்க அம்மா, அந்த கார்டை ரேஷன் கார்டோட சேர்த்து பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க.

ரெண்டு வாரம் இருக்கும். அம்மா போன்ல ‘டிங்’னு ஒரு மெசேஜ். இங்கிலீஷ்ல இருக்கேன்னு என்கிட்ட நீட்டினாங்க. டி.என். 39, ஹெல்மெட் இல்லை, ஆயிரம் ரூபாய். நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பா நியூஸ் பேப்பரைத் தேடிக்கிட்டிருந்தார்.