கசக்கும் முன் வடிப்பவர்கள்

புத்தளத்திலிருந்து பாலாவி தாண்டிக் கற்பிட்டிக்குப் போகும் வழியில், களப்பின் ஓரமாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. ஓகஸ்ட் வெயில். காற்றில் ஈரமே இல்லை; உப்பு விளைவதற்கு ஏற்ற காலம். முழங்கால்வரை சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு நானா, மரப்பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

களப்பு நீரைக் காயவிட்டால் உப்பு வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அது அவ்வளவு எளிதல்ல. ஒரு லீற்றர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாம் உண்ணும் சோடியம் குளோரைட்டு அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். எஞ்சியவை மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புகள். நீர் வற்ற வற்ற அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன. முதலில் சுண்ணாம்பு படியும். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 13 பாகையளவில் ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகி, 25 பாகையைத் தாண்டிய பிறகே சோற்றுக்கான உப்பு பூக்கும். அதனால்தான் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளிலேயே தங்கிவிடுகின்றன.

கடைசிப் பாத்தியில்தான் தொழிலாளியின் தீர்ப்பு இருக்கிறது. நீர் 29, 30 பாகையை எட்டியதும் மகனீசிய உப்புகளும் சேர்ந்து படிய ஆரம்பிக்கும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும்.

“கூட நாள் வெச்சா கூட உப்பு கிடைக்கும், தம்பி. ஆனா கசக்கும். மழைக்காலத்துல தண்ணி விட்டுக் கசிஞ்சு போகும்” என்றார் நானா.

மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நானா சொன்ன கசப்பும் கசிவும் அதன் வேலைதான்.

பாத்தியில் இரும்பை இறக்காமல் பலகையால் இழுப்பதும் அறிவுதான். ஒட்சிசனும் நீரும் சேர்ந்தால் இரும்பு இலத்திரன்களை இழந்து துருவாகும். உப்பு நீர் அயன்களைக் கடத்தி அந்த ஒட்சியேற்றத்தை விரைவாக்குகிறது. குளோரைட்டு அயன் இரும்பின் மேற்படலத்தையும் அரிக்கிறது. துரு கலந்த உப்பு பழுப்பாகிவிடும்.

இந்தக் கவனத்தின் பலன் உப்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. இலங்கையில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். கழலை நோயையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவையும் தடுக்கவே இந்த ஏற்பாடு. இதற்குப் பொற்றாசியம் அயடேற்றைச் சேர்க்கிறார்கள். அயடைட்டு ஈரத்திலும் காற்றிலும் ஒட்சியேறி, அயடீனாகிப் பறந்துவிடும். அயடேற்று ஏற்கெனவே ஒட்சியேறிய வடிவம் என்பதால் காற்றுக்கு அசையாது. ஆனால் இரும்பு போன்ற மாசுகள் அதற்கு இலத்திரன்களைக் கொடுத்துத் தாழ்த்திவிடும். ஈரம் அந்தத் தாக்கத்துக்கு வழிவிடும். அளத்தில் நீரை உரிய வேளையில் வடித்த கையும் இரும்பை விலக்கிய கையும்தான் அயடீனைக் காப்பாற்றுகின்றன.

உப்பில் அயடீன் எஞ்சியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். அயடேற்று உள்ள உப்பின் மீது மாப்பொருளும் அயடைட்டும் சிறிது அமிலமும் கலந்த சோதனைக் கரைசலை ஒரு துளி விட்டால், நீலநிறம் படரும். அயடேற்றும் அயடைட்டும் அமிலத்தின் முன்னிலையில் இலத்திரன்களைப் பரிமாறி அயடீனாகின்றன. அது மாப்பொருளை நீலமாக்குகிறது. அமிலம் இல்லாமல் இது நடக்காது. உப்பில் காரத்தன்மை மிகுந்திருந்தால், அயடீன் இருந்தாலும் நிறம் வராது. அப்போது கூடுதலாக அமிலத்துளி விட்டுத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். அமிலம், மூலம், ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று பாடசாலையில் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை ஒரு சிட்டிகை உப்பில் ஒன்றாக நிகழ்கின்றன.

மழையால் விளைச்சல் குன்றி, 2025 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. தட்டுப்பாடு வந்தால் எடையைக் கூட்டும் ஆசையும் வரும். நீரை இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தால் எடை கூடும், தரம் போய்விடும். ஆகவே எடைக்கு மட்டும் கூலியும் விலையும் தரக்கூடாது. உரிய பாகையில் வடித்த உப்புக்கு அதன் தூய்மையைப் பார்த்துக் கூடுதல் விலை தர வேண்டும். அந்தக் கூடுதல், பலகை பிடித்த தொழிலாளியின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.