கடைசி பெஞ்சுக் கேள்வி



நேற்று மாலை பேத்திக்கு பிளஸ் ஒன் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சகப்பிணைப்பு. 32 வருடம் நடத்திய பாடம். புத்தகத்தைத் திறக்காமலே ஆரம்பித்தேன். நடுவில் அவள் கேட்டாள்: "தாத்தா, பிணைப்பு உடைஞ்சா எனர்ஜி வெளிய வருமா, உள்ள போகுமா?"

எனக்குச் சுருக்கென்றது.

25 வருடங்களுக்கு முன் எரிதல் பாடம் நடத்தும்போது, "எரிபொருளில் உள்ள பிணைப்புகள் உடைவதால் ஆற்றல் வெளிவருகிறது" என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், பிணைப்பு உண்டாகும்போது ஆற்றல் வெளிவரும்னு போன வாரம் சொன்னீங்க. உடையும்போதும் வருதுன்னா எப்படி சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத் தைரியமும் இல்லை. "அதிகப்பிரசங்கி" என்று திட்டி, பீரியட் முடியும்வரை நிற்க வைத்தேன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அவன் கேட்டதுதான் சரி. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

கரும்பலகையில் எலக்ட்ரான்களுக்குப் புள்ளி வைத்துப் படம் போடுவேனே, அது அமெரிக்க விஞ்ஞானி ஜி. என். லூயிஸ் 1916இல் சொன்ன முறை. இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வதுதான் பிணைப்பு என்றார் அவர். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது, ஒவ்வோர் எலக்ட்ரானையும் இரண்டு உட்கருக்களும் இழுக்கின்றன. அதனால் மொத்த ஆற்றல் குறைகிறது. குறைந்த ஆற்றல் வெளியே போய்விடுகிறது. மிகவும் நெருங்கினால் உட்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே ஒரு மீட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 74 பங்கு தூரத்தில் இரண்டும் நிலைகொள்கின்றன. மறுபடி பிரிக்க வேண்டுமானால், போன ஆற்றலை நாம்தான் திருப்பித் தரவேண்டும். 2 கிராம் ஹைட்ரஜனுக்கு அது 436 கிலோஜூல்.

அப்படியானால் எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது? கணக்குப் போடுங்கள். 2 கிராம் ஹைட்ரஜனைப் பிரிக்க 436. அதை எரிக்கத் தேவையான 16 கிராம் ஆக்சிஜனைப் பிரிக்க சுமார் 249. மொத்தச் செலவு 685. பிறகு நீராவி உண்டாகும்போது புதிய பிணைப்புகளால் கிடைக்கும் வரவு சுமார் 926. மிச்சம் 241 கிலோஜூல், அதுதான் சுடுகிறது. உடைப்பது எப்போதும் செலவு, சேர்வதுதான் வரவு. வரவு அதிகமானால் வெப்பம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பேத்தி, "இவ்வளவுதானா தாத்தா?" என்றாள். இவ்வளவுதான். "நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்பா" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு பையனின் கேட்கும் குணம் என் வகுப்பில் அடங்கிப் போயிருக்காது.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. உன் பெயரை இங்கே போடவில்லை, உனக்கே தெரியும். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பிள்ளைகள் மடக்கிக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தாலும் கமெண்டில் சொல்லுங்கள். இந்த முறை யாரையும் நிற்க வைக்க மாட்டேன்.