வீட்டுக்காரர்

யாழ்ப்பாணத்து வாழ்க்கையிற் படலைக்கு இருந்த மதிப்புக் கதவுக்கு என்றும் இருந்ததில்லை. வீட்டுக் கதவு பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். ஆயினும் அயல் வளவுக்குச் செல்பவர் படலையடியில் நின்று, "வீட்டுக்காரர்!" என ஒரு முறையேனும் குரல் கொடாமல் உள்ளே அடியெடுத்து வைப்பதில்லை. கடன் கேட்கப் போனவரும், கலியாணம் சொல்லப் போனவரும், தபாற்காரரும், இரந்துண்பவரும் அந்த ஒரு சொல்லையே கூறி நின்றனர். கிடுகு வேலிகள் மதில்களாகவும் படலைகள் இரும்புக் 'கேற்று'களாகவும் மாறிய பின்னரும் இவ்வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. வளவு இன்னொருவருடையது என்பதை ஏற்றுக்கொண்ட பின்பே அதனுட் புகலாம் என்பது இதன் பொருள்.

குரல் கொடுக்கப் படலையும் இல்லை, அக்குரலைக் கேட்க ஆளும் இல்லை என்னும் நிலையில் யாது செய்வது? சென்ற ஆண்டு மாரியின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், கலைப்பீட மாணவன் ஒருவனின் உள்ளத்தில் இவ்வினா எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

அவன் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவன். பழைய கட்டடங்களில் அவனுக்குப் பெரும் ஈடுபாடு. கோட்டையையும், நல்லூரின் மந்திரிமனையையும், சங்கிலித்தோப்பு வளைவையும், யமுனா ஏரியையும் பார்த்து முடித்திருந்தான். அவையெல்லாம் பலரும் அறிந்தவை, பலராலும் எழுதப்பட்டவை. பெயர்ப் பலகை இல்லாத கட்டடங்களே அவன் தேடியவை. திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் நகருக்குச் சென்று, ஒழுங்கைகளுக்குள் அலைந்து, இடிந்த மாளிகைகளையும் பாழ்வளவுகளையும் கைத்தொலைபேசியிற் படம்பிடிப்பான். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுதி நண்பர்களுக்கு அனுப்புவான். அவ்வரிகளை விரிவுரையாளர் ஒருவரும் பாராட்டியதுண்டு.

அன்று அவன் சென்ற இடம் சோனகத் தெரு. யாழ். நகரத்து முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி அது. இரும்புக் கடையும் தையற் கடையும் நகைத் தொழிலும் லொறிப் போக்குவரத்தும் அவர்களின் கைகளிற் செழித்திருந்தன. அசனாலெப்பைப் புலவர் தமிழ் பாடியதும், 1911ஆம் ஆண்டு பிறந்து இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரியாகவும் பின்னர்க் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் உலவியதும் இச்சூழலிலேயே. அஸீஸ் கற்றவை வைத்தீஸ்வர வித்தியாலயமும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் என்பதிலிருந்து அக்காலத்து அயலுறவு எத்தகையது என்பதை ஒருவாறு உணரலாம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி அவ்வயலுறவு ஒரே பகலில் அறுந்தது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி மூலம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துள் நகரைவிட்டு நீங்குமாறு பணித்தனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வடமாகாணத்திலிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகமானோர். அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளத்தின் உவர்நிலங்களிற் கிடுகுக் கொட்டில்களிட்டு அகதிகளாயினர். போர் 2009இல் முடிவுற்ற பின் சிலர் மீண்டனர், பலர் மீளவில்லை. எனவே இன்றும் அப்பகுதியில் வெள்ளை பூசிய புதுவீட்டின் அருகே கூரையற்ற சுவர்கள் நிற்பதைக் காணலாம்.

இவற்றையெல்லாம் மாணவன் அறிந்திருந்தான். திகதிகளைப் பிழையின்றிச் சொல்வான். நூலில் அறிந்திருந்தான் என்பதுதான் இங்குக் கருதவேண்டியது.

ஓர் ஒழுங்கையின் முடிவில், மதிலில் ஆள் நுழையத்தக்க வெடிப்பொன்று இருந்தது. அப்பால் வேம்பும் மாதுளையும் பற்றைகளும் அடர்ந்து கிடந்தன. அவற்றினூடே ஒரு வீட்டின் சுவர்கள் தெரிந்தன. அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு, தெருவின் இருபுறமும் பார்த்தான். ஒருவரும் இல்லை. உள்ளே புகுந்தான். தன் வளவுக்குட் செல்பவன் எவனும் தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டுச் செல்வதில்லை என்பது அவனுக்குப் பின்னரே தோன்றியது.

வீடு அவனை மயக்கியது என்றே சொல்லலாம். அகன்ற விறாந்தை, இருபக்கமும் அறைகள், பின்னே ஒரு கிணறு, சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்த இடங்களில் முருகைக்கல் தெரிந்தது. ஒரு செய்தியை அவன் நுட்பமாக அவதானித்தான். ஷெல் விழுந்த வீட்டில் ஓடும் மரமும் கல்லும் கலந்து குவிந்து கிடக்கும். இங்கோ அத்தகைய குவியல் இல்லை. சுவரின் உச்சியிற் கைமரங்கள் பொருந்தியிருந்த குழிகள் ஒழுங்காக, வெறுமையாக இருந்தன. நிலைகள் சுவரிலிருந்து கிளப்பப்பட்ட தடம் மாத்திரம் தெரிந்தது. இவ்வீடு இடிக்கப்படவில்லை, கழற்றப்பட்டிருக்கிறது. யாரோ ஏணி வைத்து, ஆறுதலாக, ஓடு ஓடாகவும் மரம் மரமாகவும் கழற்றிக்கொண்டு போயிருக்கின்றனர். இம்முடிவுக்கு வந்தபோது ஆராய்ச்சியாளனுக்குரிய பெருமிதம் அவனுக்கு உண்டாயிற்று. பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தான். கீழே எழுதவேண்டிய தலைப்பும் உடனே தோன்றியது: 'கைவிடப்பட்ட இல்லம்.'

முன்வாசற்படியின் அருகே, மழையிற் கரைந்த மண்ணுக்குள் ஏதோ மின்னியது. குச்சியாற் கிண்டி எடுத்தான். பித்தளையினாலான கதவுக் கொண்டி. கழற்றியவர்களின் கண்ணுக்குத் தப்பியது போலும். துடைத்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. மேசையில் வைத்துக்கொள்ளலாம் என எண்ணி அதனைப் பைக்குள் இட்டான்.

அப்போதுதான் அக்குரல் கேட்டது.

"வீட்டுக்காரர்!"

அவனது உடல் குளிர்ந்தது. கூரையற்ற அவ்வறைக்குள் அச்சொல்லுக்குச் செவிகொடுக்க வேறெவரும் இல்லை. அயலவர் யாரோ கண்டுவிட்டனர், கள்வனென்று எண்ணிவிட்டனர் என்று நினைத்தான். பின்மதிலை ஏறிப் பாயலாமா எனவும் ஒரு கணம் பார்த்தான். சைக்கிள் வெளியே நிற்பது நினைவுக்கு வந்தது. குரல் மீண்டும் எழுந்தது. அதில் அதிகாரம் சிறிதும் இல்லை.

"வீட்டுக்காரர்! ஆரும் உள்ளுக்கு நிக்கிறீங்களோ?"

அவன் விறாந்தைக்கு வந்தான். மதில் வெடிப்புக்கு அப்பால், ஒழுங்கையிலேயே, எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் நின்றார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம். அவரது கையைப் பற்றியபடி பன்னிரண்டு வயதளவிலான சிறுவன் ஒருவன். சாத்தியிருந்த சைக்கிளைக் கண்டுதான் அவர் அழைத்திருக்க வேண்டும்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. இந்த வளவு இப்ப உங்கடையோ?"

மாணவனுக்கு வாய் எழவில்லை. அம்மௌனத்தை அவர் வேறுவிதமாக விளங்கிக்கொண்டார்.

"நாங்க ஒரு பிரச்சினைக்கும் வரேல்லை. பேரன் பாக்கோணுமெண்டு ஒரே ஆக்கினை. புத்தளத்திலையிருந்து வாறம். அஞ்சு நிமிசம் நிண்டு பாத்திட்டுப் போயிடுவம்."

"இல்லை ஐயா, இது என்ரை இல்லை. நான் கம்பஸிலை படிக்கிறன். சும்மா பாக்க வந்தனான்."

"அப்ப ஆற்றை?"

"தெரியாது, ஐயா."

முதியவர் சுவர்களை ஒருமுறை பார்த்தார். பின், குரலைச் சற்றும் உயர்த்தாது, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போன்று சொன்னார்:

"இது என்ரை வீடு, தம்பி."

அவர் உள்ளே வந்தார். அறைகளுக்கிடையே இருந்த சுவரொன்று பாதி சரிந்திருந்தது. அதனைத் தாண்டினால் அடுத்த அறை இரண்டே அடி. சிறுவன் அவ்வாறே தாண்டினான். அவரோ கதவு இருந்த இடத்துக்குச் சுற்றிச் சென்று, அவ்வழியாகவே நுழைந்தார். ஒவ்வோர் அறைக்கும் அவ்வாறே. நிலை இருந்த இடத்திற் சிறிது குனிந்தும் கொண்டார். அந்நாளில் அது தாழ்வான வாசலாய் இருந்திருக்கலாம். "இதிலைதான் உன்ரை வாப்பா நடை பழகினவர்" என்று விறாந்தையின் ஒரு மூலையைக் காட்டினார். "பூட்டிப்போட்டுத்தான் போனனாங்கள். திறப்பு கனகாலம் எங்களிட்டைக் கிடந்தது" என்றார். சிறுவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கூரை எங்க, அப்பா?" என்றான். அவர் பதில் கூறவில்லை.

மாணவனின் தோளிற் பை கனத்தது. அவ்வேளை அவன் நினைவுக்கு வந்தவர் அவனது அம்மம்மா. 1995ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவரும் நடந்தார். மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற் கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, அம்மிக்கல்லுங்கூட இல்லை. "எடுத்தவன்ரை கை விளங்காது" என்று அவர் இன்றும் சொல்வார். அச்சாபத்தைக் கேட்டு வளர்ந்தவன் அவன். எடுத்தவர் எவரோ தீயவர் எனவே இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தான். எடுத்தவர்களும் ஆளில்லை என்று கண்டு, தெருவின் இருபுறமும் பார்த்து, அழகாக இருக்கிறது என்றோ உதவும் என்றோ எண்ணித்தான் எடுத்திருப்பர் என அவனுக்கு அப்போது விளங்கியது.

பையைத் திறந்து கொண்டியை எடுத்து நீட்டினான். "வாசலடியிலை கிடந்தது, ஐயா" என்றான். 'எடுத்து வைத்திருந்தேன்' எனச் சொல்லும் துணிவு வரவில்லை. பையிலிருந்து அது வெளிவந்ததை முதியவர் கண்டார். கண்டும் அதுபற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் மண்ணைத் தேய்த்தார்.

"கொண்டி கிடக்கு. கதவெங்கை, தம்பி?"

அது குத்தலாகச் சொல்லப்பட்டதன்று. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டதுபோல் இருந்தது. அதனாலேயே மாணவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவு தொலைவிற் போயிருக்காது. இந்நகரின் ஏதோ ஒரு வீட்டில், தமிழர் ஒருவரது வீட்டில், இன்று மாலையும் அது சாத்தப்படும்.

"படமும் எடுத்தனீங்களோ?"

"ஓம், ஐயா. அழிச்சு விடட்டோ?"

"வேண்டாம். சுவரெண்டாலும் நிக்குதெண்டு ஆக்கள் பாக்கட்டும். ஆனா, விட்டிட்டுப் போன வீடு எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

அவர் சொன்ன ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கு நிற்கவில்லை. கொண்டியைச் சிறுவனிடம் கொடுத்து, மதில் வெடிப்பால் அவனை முதலில் இறக்கி, "அப்ப வரட்டே, தம்பி" என வீட்டுக்காரரிடம் விடைபெறுபவர் போலவே விடைபெற்றுச் சென்றார். பெயரைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஒழுங்கையின் திருப்பத்தைக் கடந்த பின்பே மாணவனுக்குத் தோன்றியது.

பின்வந்த நாட்களில் அவன் நூலகத்திற் சட்ட நூல்களைப் புரட்டினான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறரது காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரியவரின் உரிமைக்கு மாறாக ஆண்டுவந்தால் அதற்கு உரித்துக் கோரலாம். துரத்தப்பட்டவர் பத்து ஆண்டுகளாகத் தம் காணிக்கு வரமுடியாதிருந்தது அச்சட்டத்தின் கணக்கில் அடங்கவில்லை. இக்குறையை நோக்கி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஆக்கப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணிகளை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என அது கூறியது. ஆனால் வழக்கிடுவதற்கு அது வழங்கிய தவணை இரண்டு ஆண்டுகளே. உறுதிகளை இழந்தோருக்கும், புத்தளத்திலிருந்து பஸ்ஸுக்குக் காசு சேர்த்து வருவோருக்கும் இரண்டு ஆண்டுகள் எவ்வளவு குறுகியவை! அம்முதியவர் வழக்கிட்டாரோ, அவரது உறுதி அவரிடம் உண்டோ என்பதை மாணவன் அறியான். "இப்ப உங்கடையோ?" என்ற கேள்வியில் இருந்த 'இப்ப' என்னும் சொல்லின் பொருள் மாத்திரம் அவனுக்கு நன்கு விளங்கிற்று. தம் வீடு இன்னொருவருடையதாகியிருக்கலாம் என்பதை ஏற்கும் ஆயத்தத்துடனேயே அவர் அவ்வொழுங்கையில் வந்து நின்றிருக்கிறார்.

அம்மம்மாவிடம் அவன் இதனைச் சொன்னான், கொண்டியைப் பைக்குள் இட்டதையும் மறைக்காமல். கதை முழுவதையும் கேட்ட அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்த மனிசன் தேத்தண்ணி ஏதும் குடிச்சதோ?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அன்று அவ்வளவில் அதற்கு எவரும் இருக்கவில்லை.

படங்களை அவன் எவருக்கும் அனுப்பவில்லை. எழுதத்தக்க தலைப்பு கிடைக்கவில்லை.

இவ்வாண்டு தை மாதத்தில் மீண்டும் அவ்வொழுங்கையாற் சென்றான். மதில் வெடிப்பு, புதுத் தகரத்தால் அடைக்கப்பட்டிருந்தது. பற்றைகள் வெட்டப்பட்டிருந்தன. உரியவர்தாம் திரும்பி வந்தாரோ, வேறெவரும் வளவைப் பிடித்துக்கொண்டனரோ, வெளியே நின்று அறிய வழியில்லை. தகரத்தின் இடைவெளியூடாகப் பார்க்கலாம், பார்க்கவில்லை. சைக்கிளை விட்டிறங்கி, ஒழுங்கையில் நின்று, ஒரு முறை குரல் கொடுத்தான்.

"வீட்டுக்காரர்!"

பதில் வரவில்லை. சிறிது நேரம் காத்து நின்றுவிட்டு, அவன் திரும்பினான்.